சிகிச்சை ஆராய்ச்சிப் பணியும் இணையத் தொழிற்குறிப்பும்

ஒரு மருந்து கடைக்கு வந்து சேருமுன் கடக்கும் பாதை மிக நீண்டது. ஆய்வுக்கூடத்தில் உருவாகி, விலங்குகளிடம் சோதிக்கப்பட்டு, பின்னர் மனிதரிடம் படிப்படியாகப் பரிசோதிக்கப்பட்ட பிறகே அது பொதுமக்களின் உபயோகத்திற்கு அனுமதிக்கப்படுகிறது. இவற்றுள் மனிதரைக் கொண்டு நடைபெறும் பகுதியே சிகிச்சை ஆராய்ச்சி எனப்படுவது. ‘கிளினிகல் ரிசர்ச்’ என்ற ஆங்கிலப் பெயரே பலருக்கும் பழக்கமானது. மருந்து மட்டுமின்றி, தடுப்பூசி, அறுவை முறை, நோயறியும் கருவி ஆகியவையும் இவ்வகை ஆராய்ச்சிக்கு உட்படுகின்றன.

இத்துறை டாக்டர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவது தவறு. ஆராய்ச்சியில் சேருவோரைச் சந்தித்து விளக்கம் கூறுவோர், வீடுதோறும் சென்று விவரம் திரட்டுவோர், மருத்துவமனையில் ஏடுகளைப் பேணும் ஒருங்கிணைப்பாளர், அவ்வேடுகளைச் சரிபார்க்கும் கண்காணிப்பாளர், விவரங்களைக் கணினியில் ஒழுங்குபடுத்துவோர், மருந்தின் தீய விளைவுகளைத் தொகுப்போர், புள்ளியியலார், ஒப்புதல் படிவங்களை மொழிபெயர்ப்போர் எனப் பலரும் இதில் பணியாற்றுகின்றனர். விஞ்ஞானம், மருந்தியல், செவிலியம், சமூகப்பணி ஆகியவற்றில் பட்டம் பெற்ற இளைஞருக்கு இங்கு இடமுண்டு. களப்பணி சிலவற்றிற்குப் பள்ளிப்படிப்பே போதுமானது.

இப்பணிகளுக்கு ஆள் தேடுவோர் இன்று முதலில் பார்ப்பது விண்ணப்பதாரர் இணையத்தில் எழுதி வைத்துள்ள தொழிற்குறிப்பையே. படிப்பு, பயிற்சி, அநுபவம் முதலியவற்றை எவரும் காணுமாறு பதிந்து வைக்கும் பக்கத்தையே இக்கட்டுரையில் தொழிற்குறிப்பு என்று குறிப்பிடுகிறோம். 2003-ஆம் ஆண்டில் தொடங்கிய லிங்க்ட்இன் இவ்வகைத் தளங்களுள் பெரிதும் அறியப்பட்டது. தொழிற்குறிப்பை எவ்வாறு கவர்ச்சியாக அமைப்பது என்று போதிப்போர் பலர் உளர். ஆனால் சிகிச்சை ஆராய்ச்சியைப் பொறுத்தவரை கவர்ச்சியைவிட வேறொன்று முக்கியமானது. எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்ட இயல வேண்டும். இது ஏன் என்பதையும், இதன்படி எழுதுவது எப்படி என்பதையும், மாணவருக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும், தாமே அநுபவம் பெற்றுள்ள களப்பணியாளர்களும் அறிந்துகொள்வது நலம்.

மும்பையின் மூன்று பகுதிகள்

மும்பை மாநகரில் தமிழர் தொன்றுதொட்டு வாழும் பகுதிகளுள் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் குறிப்பிடத்தக்கவை. இவற்றிற்கு அண்மையிலேயே நாட்டின் சிறந்த மருத்துவ ஆராய்ச்சி நிலையங்கள் சில அமைந்துள்ளன. தாராவிக்கும் மாதுங்காவுக்கும் அருகில், சயானில், லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை உள்ளது. சில கிலோமீட்டர் தெற்கே பரேலில், 1926-இல் தொடங்கிய கே.இ.எம். மருத்துவமனையும், 1941-இல் திறக்கப்பட்ட டாடா நினைவு மருத்துவமனையும், ஹாஃப்கின் நிறுவனமும் இருக்கின்றன.

இந்நகரின் ஆராய்ச்சி வரலாறு பழமையானது. 1896-இல் பம்பாயில் கொள்ளைநோய் பரவியபோது, வால்டிமார் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி அந்நோய்க்குத் தடுப்பூசி ஒன்றைத் தயாரித்து, 1897 ஜனவரி 10-ஆம் நாள் முதலில் தம் உடலிலேயே அதனைச் செலுத்திக்கொண்டார். அதன்பின் அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் இருந்தோரிடம் அது சோதிக்கப்பட்டது. முன்வந்தோருக்கே ஊசி போடப்பட்டதாயினும், சிறையில் இருப்பவர் தரும் சம்மதம் உண்மையில் சுதந்திரமானதா என்ற கேள்வியை இன்றைய நெறிமுறைக் குழு எழுப்பாமல் விடாது. ஆராய்ச்சியில் சேருபவரின் உரிமை பற்றிய சிந்தனை அக்காலத்திற்குப் பின் வெகுவாக வளர்ந்திருக்கிறது.

நூறு ஆண்டுகளுக்குப் பின் இதே நகரில் நடந்த மற்றோர் ஆராய்ச்சி, களப்பணியாளரின் இடத்தை நன்கு உணர்த்தும். 1998-இல் டாடா நினைவு மருத்துவமனை, குடிசைப் பகுதிகளில் வாழும் 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,50,000 பெண்களை 20 தொகுதிகளாகப் பிரித்து, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் எளிய முறையொன்றை ஆராயத் தொடங்கியது. நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, நிறம் மாறுகிறதா என்று கண்ணால் பார்ப்பதே அம்முறை. பார்த்தவர்கள் டாக்டர்கள் அல்லர். பள்ளிப்படிப்புடன் நான்கு வாரப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள். இப்பரிசோதனை பெற்ற தொகுதிகளில் அந்நோயால் ஏற்பட்ட மரணம் 31 சதவிகிதம் குறைந்தது என்ற முடிவு 2013 ஜூனில் அறிவிக்கப்பட்டது. ஒப்பிடுவதற்காக வைக்கப்பட்ட தொகுதிகளில் இருந்த பெண்களுக்கு இப்பரிசோதனை அளிக்கப்படாதது சரியா என்ற விவாதமும் எழுந்தது. ஆராய்ச்சியின் பயனும் அதன் நெறியும் ஒருங்கே ஆராயப்பட வேண்டும் என்பதற்கு இது சான்று.

தமிழ்நாட்டிலும் இதற்கு முன்னோடி உண்டு. 1956-இல் சென்னையில் அமைக்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுப்பதும் ஆரோக்கிய நிலையத்தில் சேர்த்துச் சிகிச்சை தருவதும் ஏறக்குறைய ஒத்த பலன் அளிப்பதை 1959-இல் உலகிற்கு எடுத்துக் காட்டியது. நோயாளியின் வீட்டுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்று, மாத்திரைகளை எண்ணி, அவர் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறாரா என்பதைச் சோதித்துக் குறித்து வந்த பணியாளர்கள் இல்லாவிடில் அந்த முடிவுக்கு மதிப்பே இருந்திராது. இத்தகைய பணிகளைச் செய்தவர்கள் தம் தொழிற்குறிப்பில் அவற்றை ‘உதவியாளர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை இன்றும் காண்கிறோம். செய்யாததை எழுதுவது ஒரு குறை என்றால், செய்ததை எழுதாமல் விடுவதும் குறையே.

தகுதிக் குறிப்பும் ஓர் ஆவணமே

பிற தொழில்களில் விண்ணப்பத்துடன் தரும் தகுதிக் குறிப்பு, வேலை கிடைத்தபின் கோப்பில் உறங்கிவிடும். சிகிச்சை ஆராய்ச்சியில் அவ்வாறன்று. ஆராய்ச்சியை நடத்துவோர் அதற்குரிய கல்வியும் பயிற்சியும் அநுபவமும் பெற்றவர்கள் என்பதைக் காட்டும் குறிப்பு, அந்த ஆராய்ச்சியின் இன்றியமையாத ஆவணங்களுள் ஒன்றாகவே வைத்துக் காக்கப்படுகிறது. 2019 மார்ச் மாதத்தில் மத்திய அரசு வெளியிட்ட ‘புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள்’ என்பதன்படி, ஆய்வாளர் அளிக்கும் உறுதிமொழியில் தம் கல்வி, பயிற்சி, அநுபவம் ஆகியவற்றைக் குறிப்பிட்டு அவற்றின் விவரங்களையும் இணைக்க வேண்டும். நற்சிகிச்சை ஆராய்ச்சி நெறி, அதாவது ‘குட் கிளினிகல் பிராக்டிஸ்’, என்ற சர்வதேச விதித்தொகுப்பும் இதையே வற்புறுத்துகிறது. ஆய்வாளர் எப்பணியை எவரிடம் ஒப்படைத்தார் என்ற பட்டியலும், அவர் அப்பணிக்குத் தகுதியுடையவர் என்பதற்கான சான்றும் கோப்பில் இருக்க வேண்டும். தணிக்கைக்கு வரும் அதிகாரி இவற்றைக் கேட்டுப் பார்ப்பார்.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. ஆராய்ச்சியில் சேர்ந்த ஒருவருக்குக் கடுமையான தீங்கு நேர்ந்தால், ஆய்வாளர் அதனை 24 மணி நேரத்திற்குள் உரிமம் வழங்கும் மத்திய அதிகாரிக்கும், ஆராய்ச்சியை நடத்தச் செய்யும் நிறுவனத்திற்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். அச்செய்தியை முதலில் காதில் வாங்குபவர் பெரும்பாலும் களப்பணியாளரோ ஒருங்கிணைப்பாளரோதான். பயிற்சி பெறாத ஒருவர், பெற்றதாகச் சொல்லி அந்த இடத்தில் அமர்ந்திருப்பாராயின், எது கடுமையான தீங்கு என்பதையே அவர் அறியமாட்டார். நோயாளி மயங்கி விழுந்து வேறொரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதை ‘சாதாரண பலவீனம்’ என்று எழுதிவிடலாம். தொழிற்குறிப்பில் கூட்டி எழுதிய ஒரு வரி, ஓர் உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

ஆராய்ச்சிக் குறிப்புகளுக்கு ஐந்து இலக்கணங்கள் கூறுவர். எழுதியவர் யார் என்று தெரிய வேண்டும், படிக்கும்படி இருக்க வேண்டும், நிகழ்ந்த வேளையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும், மூலப் பதிவாக இருக்க வேண்டும், பிழையற்றிருக்க வேண்டும். இந்த ஐந்தையும் தொழிற்குறிப்புக்கும் அப்படியே பொருத்தலாம். இணையத்தில் உள்ள குறிப்பில் ஒரு தேதியும், கையொப்பமிட்டுக் கொடுத்த தகுதிக் குறிப்பில் வேறொரு தேதியும் காணப்பட்டால், இவர் நோயாளியின் ஏட்டிலும் இவ்வாறே எழுதுவாரோ என்ற ஐயம் தேர்வாளர் மனத்தில் எழுவது இயற்கை.

ஓர் உதாரணம்

2020 ஜூலை மாதத்தின் முற்பகுதியில், மும்பை மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் முதலியவை சேர்ந்து, மாதுங்கா, செம்பூர் மேற்கு, தகிசர் ஆகிய மூன்று வட்டங்களில் ஓர் அளவை நடத்தின. கோவிட் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் எத்தனை பேரின் இரத்தத்தில் உள்ளது என்று கண்டறிவதே நோக்கம். ஏறத்தாழ 7,000 பேரிடம் இரத்தம் எடுக்கப்பட்டது. குடிசைப் பகுதிகளில் சுமார் 57 சதவிகிதத்தினரிடமும், பிற பகுதிகளில் சுமார் 16 சதவிகிதத்தினரிடமும் எதிர்ப்பொருள் இருந்ததாக அம்மாத இறுதியில் அறிவிக்கப்பட்டது. அடுத்துள்ள வட்டத்தைச் சேர்ந்த தாராவி இந்த அளவையில் அடங்கவில்லை. ஆயினும் அங்கு அதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே வீடுதோறும் காய்ச்சல் கண்டறியும் பணி பெருமளவில் நடந்தது.

செம்பூரைச் சேர்ந்த ஒரு பட்டதாரிப் பெண் இத்தகைய அளவை ஒன்றில் பணியாற்றியதாகக் கொள்வோம். பின்னர் அவர் தம் தொழிற்குறிப்பில், ‘கோவிட் மருத்துவச் சோதனையில் ஈடுபட்ட ஆராய்ச்சி நிபுணர்’ என்று எழுதுகிறார். இதில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, அது மருத்துவச் சோதனை அன்று. எவருக்கும் புதிய மருந்து தரப்படவில்லை. இருப்பதைக் கண்டு குறிக்கும் அளவை வேறு, ஒன்றைக் கொடுத்து விளைவைக் காணும் சோதனை வேறு. இரண்டாவது, ‘நிபுணர்’ என்பது பிறர் தர வேண்டிய பட்டம். மூன்றாவது, அவர் உண்மையில் என்ன செய்தார் என்பது இதில் எங்கும் இல்லை.

அதனையே அவர் பின்வருமாறு எழுதியிருக்கலாம்: ‘2020 ஜூலையில் மும்பையில் நடந்த எதிர்ப்பொருள் அளவையில் களப்பணியாளர். பட்டியலில் குறித்த வீடுகளுக்குச் சென்று, அளவையின் நோக்கத்தைத் தமிழிலும் மராத்தியிலும் விளக்கி, எழுத்து வழி ஒப்புதல் பெற்றேன். இரத்தம் எடுப்பவருடன் சென்று, மாதிரியின் அடையாள எண்ணைச் சரிபார்த்துக் கைப்பேசிச் செயலியில் பதிந்தேன்.’ இது சிறிய பணியாகத் தோன்றலாம். ஆனால் ஒருங்கிணைப்பாளர் ஒருவரைத் தேடும் மருத்துவமனைக்கு வேண்டிய மூன்று திறமைகள், அதாவது ஒப்புதல் பெறுதல், மாதிரியை அடையாளப்படுத்துதல், உடனுக்குடன் பதிதல் ஆகியவை, இதில் தெளிவாகத் தெரிகின்றன. நேர்முகத் தேர்வில் எத்தனை கேள்வி கேட்டாலும் இவ்வரிகள் தளரா.

குறிப்பின் உறுப்புகள்

பெயருக்குக் கீழ் வரும் தலைப்பு வரி முதலில் கண்ணில் படுவது. ‘வேலை தேடுகிறேன்’ என்றோ, ‘உழைப்பாளி’ என்றோ அங்கு எழுதுவதால் பயனில்லை. தற்போதைய பணி, படிப்பு, விரும்பும் பணி ஆகிய மூன்றும் அதில் அடங்கினால் போதும். தேடுவோர் பணியின் ஆங்கிலப் பெயரை இட்டே தேடுவதால், ‘கிளினிகல் ரிசர்ச் கோ-ஆர்டினேட்டர்’, ‘ஃபீல்டு இன்வெஸ்டிகேட்டர்’ போன்ற வழக்குப் பெயர்களை ஆங்கிலத்திலேயே, எழுத்துப் பிழையின்றி எழுதுவது அவசியம். தொழிற்குறிப்பை முதலில் தமிழில் எழுதிப் பொருளைத் தெளிவாக்கிக்கொண்டு, அதன்பின் எளிய ஆங்கில வாக்கியங்களில் ஆக்குவது தமிழ்வழிப் படித்தவருக்கு ஏற்ற முறையாகும்.

அடுத்து வரும் சுருக்கம் ஐந்தாறு வாக்கியங்களுக்கு மேற்படலாகாது. எந்நோய்த் துறையில், எவ்வகைப் பணி, எத்தனை காலம் என்பன அதில் இருக்க வேண்டும். அநுபவப் பகுதியில் ஒவ்வொரு பணிக்கும் தொடங்கிய மாதமும் முடிந்த மாதமும் தருக. இடையில் வேலையின்றி இருந்த காலத்தை மறைக்கத் தேதிகளை நீட்டுவது பெருந்தவறு. குழந்தை வளர்ப்போ, குடும்பத்தில் நோயோ காரணமாயின், அதனை ஒரு வரியில் குறிப்பதில் இழுக்கில்லை.

பயிற்சிப் பகுதியில் பயிற்சியின் பெயர், அளித்த நிறுவனம், முடித்த மாதம் ஆகியவை வேண்டும். நற்சிகிச்சை ஆராய்ச்சி நெறிப் பயிற்சி இத்துறையில் நுழைவோர் அனைவருக்கும் தேவையானது. அவ்விதித்தொகுப்பு 2025 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டிருப்பதால், பழைய சான்றிதழை வைத்திருப்போர் மறுபடியும் பயில்வது நன்று. சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படைகளைப் பற்றி இணைய வழிப் பாடம் ஒன்றை நடத்தி வந்துள்ளது. பெருந்தொகை கொடுத்துப் பட்டயம் பெறுமுன், இத்தகைய அரசு நிறுவனப் பாடங்களை ஆசிரியர்கள் மாணவருக்குச் சுட்டிக் காட்டுவார்களாக.

பங்கேற்ற ஆராய்ச்சியைக் குறிப்பிடும்போது, அது பொதுப்பதிவேட்டில் உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு 2007 ஜூலை 20-ஆம் நாள் தொடங்கப்பட்டது. 2009 ஜூன் 15 முதல் மருத்துவச் சோதனைகளை அதில் பதிவது கட்டாயமாயிற்று. ஆராய்ச்சியின் தலைப்பு, நடைபெறும் இடம், பொறுப்பான ஆய்வாளர், நெறிமுறைக் குழு முதலியவற்றை எவரும் அதில் காணலாம். அங்கு வெளியாகியுள்ள பதிவு எண்ணையும் தலைப்பையும் மேற்கோளாகக் காட்டுவது, நிறுவனத்தின் அனுமதியுடன், தக்க ஆதாரமாகும். ஆராய்ச்சிக் கட்டுரையில் பெயர் இடம்பெற்றவர்கள், 2012 முதல் வழங்கி வரும் ‘ஓர்கிட்’ என்ற 16 இலக்க அடையாள எண்ணைக் கட்டணமின்றிப் பெறலாம். ஒரே பெயருடையோர் பலர் இருக்கும் நம் நாட்டில், தந்தை பெயரின் முதலெழுத்து ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னும் வரும் தமிழருக்கு, இந்த எண் மிகவும் உதவும்.

மொழியறிவு ஒரு தகுதி

மும்பைத் தமிழ் இளைஞர் தம் தொழிற்குறிப்பில் அடிக்கடி விட்டுவிடும் தகுதி மொழியறிவாகும். ஆராய்ச்சியில் சேருபவருக்கு அவருக்குப் புரியும் மொழியில் விளக்கம் தந்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது விதி. எழுதப் படிக்கத் தெரியாதவராயின், நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். புதிய மூலக்கூறு மருந்துகளின் சோதனையில் எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் உள்ளோரிடம் ஒப்புதல் பெறும்போது, அந்நிகழ்ச்சியை ஒலி-ஒளிப் பதிவு செய்யவும் வேண்டும். தாராவியில் தமிழ், மராத்தி, இந்தி, உருது, தெலுங்கு ஆகிய மொழிகள் ஒரே தெருவில் வழங்குகின்றன. அங்கு வளர்ந்த ஒருவர் இயல்பாகவே பெற்றுள்ள இத்திறமையைப் பெரிய பட்டதாரி ஒருவர் ஓராண்டில் கற்றுவிட இயலாது.

ஆயினும் இதிலும் துல்லியம் தேவை. ‘தமிழ் தெரியும்’ என்று பொதுப்பட எழுதாமல், பேச இயலுமா, படிக்க இயலுமா, எழுத இயலுமா என்பதைப் பிரித்துக் காட்டுக. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலமோ மராத்தியோ பயின்ற பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது. அத்தகையவர் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டுவதாக ஏற்றுக்கொண்டால், வாசிக்க இயலாமல் தாமாக ஏதேனும் சொல்லும் நிலை ஏற்படும். அது அந்த நோயாளியின் உரிமைக்குச் செய்யும் கேடாகும்.

விளக்கிச் சொல்லும் திறமையும் குறிப்பிடத்தக்கது. யாருக்குப் புதிய மருந்து, யாருக்குப் பழைய மருந்து என்பதை டாக்டர் தீர்மானிப்பதில்லை, சீட்டுக் குலுக்கி எடுப்பது போன்ற முறையில் அது அமைகிறது என்று சொன்னால் எவருக்கும் விளங்கும். அதற்குரிய கலைச்சொல்லை மட்டும் ஒப்பித்தால் கேட்பவர் தலையை ஆட்டுவாரேயன்றி, பொருளை உணரமாட்டார். மருந்துச் சத்தில்லாத, பார்வைக்கு மருந்து போலவே இருக்கும் மாத்திரை தமக்குக் கிடைக்கவும் கூடும் என்பதையும் அவர் அறிந்தே கையொப்பமிட வேண்டும். இவ்வாறு விளக்கிய அநுபவம் உடையவர், ‘ஒப்புதல் விளக்கத்தைத் தமிழில் அளித்தேன், படிவ மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தேன்’ என்று எழுதுவது பெருமை பேசுவதாகாது.

எழுதலாகாதவை

தொழிற்குறிப்பில் இடம்பெறக் கூடாதவற்றைப் பற்றியும் சிறிது கூற வேண்டும். நோயாளியின் பெயர், புகைப்படம், வீட்டுத் தெரு, நோய் விவரம் ஆகியவற்றுள் எதுவும் வரலாகாது. பெயரை விட்டுவிட்டாலும், ‘இன்ன சந்தில் இன்ன வயதுடைய பெண்’ என்று எழுதினால் அக்கம்பக்கத்தார் எளிதில் அறிந்துவிடுவர். வீடுகள் நெருங்கியுள்ள தாராவி போன்ற இடத்தில் காசநோயோ, எச்.ஐ.வி. தொற்றோ உடையவர் என்று தெரிய வருவது ஒருவரின் வேலையையும், மகளின் திருமணத்தையும் பாதிக்கக்கூடும். களப்பணியின்போது நோயாளியுடன் நின்று எடுத்த படத்தை நல்லெண்ணத்துடனே வெளியிட்டாலும் விளைவு ஒன்றே.

ஆராய்ச்சித் திட்டத்தின் உள்விவரங்கள், வெளிவராத முடிவுகள், மருந்தின் குறியீட்டுப் பெயர் ஆகியவை நிறுவனத்திற்கு உரியவை. பணியில் சேரும்போது கையொப்பமிட்ட இரகசியக் காப்பு உறுதியை மறுபடி படித்துப் பார்த்த பின்னரே இவ்விஷயத்தில் எழுத வேண்டும். தம் சொந்த விவரங்களிலும் எச்சரிக்கை தேவை. ஆதார் எண், பிறந்த தேதி, முழு வீட்டு முகவரி, சான்றிதழ்களின் முழுப் படம் ஆகியவற்றைப் பொதுவில் வைக்கலாகாது. ஊர்ப்பெயராக மும்பை என்பதே போதும். அதே வேளையில் தாராவியில் வாழ்வதை மறைக்கவும் வேண்டியதில்லை. அப்பகுதியின் சந்துகளையும் மக்களையும் அறிந்திருப்பது களப்பணிக்கு நேரிய தகுதியேயாம்.

வேலை தருவதாகக் கூறிப் பணம் பறிப்போரும் இத்தளங்களில் உலவுகின்றனர். பயிற்சிக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்புக் கட்டணம், ‘முன்வைப்புத் தொகை’ என்று எந்தப் பெயரில் கேட்டாலும், பணம் கேட்ட மாத்திரத்தில் விலகிக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் பெயரைத் தேடி, அதன் சொந்த இணையதளத்தில் உள்ள எண்ணில் பேசி உறுதி செய்துகொள்வது நல்லது. பணத்தை இழந்தோர் தாமதமின்றி 1930 என்ற தேசிய உதவி எண்ணில் முறையிடலாம். செய்யாத பணிக்கு அநுபவச் சான்று தருவதாகச் சொல்வோரிடமும் அணுகலாகாது. அது இன்று வேலையைப் பெற்றுத் தந்தாலும், பின்னொரு நாள் தணிக்கையில் வெளிப்பட்டால் வேலை போவதோடு, அவர் எழுதிய ஏடுகள் அனைத்துமே ஐயத்திற்கு உள்ளாகும். அவ்வேடுகளில் நம்பிக்கையுடன் கையொப்பமிட்ட நோயாளிகளின் பங்கும் வீணாகும்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை

இவற்றை மாணவர் கற்றுக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. கல்லூரியின் முதலாண்டிலேயே ஒவ்வொருவரும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, செய்த செய்முறைப் பயிற்சி, கலந்துகொண்ட முகாம், பயின்ற பாடம் ஆகியவற்றை அன்றன்றே தேதியிட்டு எழுதி வரச் செய்யலாம். எதிரே ‘ஆதாரம்’ என்று ஒரு பத்தி இருக்கட்டும். சான்றிதழோ, பொறுப்பாளரின் பெயரோ, பதிவு எண்ணோ அதில் வர வேண்டும். ஆதாரப் பத்தி வெறுமையாக உள்ள எதுவும் தொழிற்குறிப்பில் ஏறக் கூடாது என்பது விதி. எழுதியதில் பிழை நேர்ந்தால் அழித்தெழுதாமல், ஒரே கோடிட்டு அடித்து, அருகில் திருத்தி, கையொப்பமும் தேதியும் இடப் பழக்க வேண்டும். ஆராய்ச்சி ஏடுகளில் கையாளும் முறையும் இதுவே ஆகையால், மாணவர் அறியாமலே தொழிலின் முதற்பாடத்தைக் கற்றுவிடுகின்றனர்.

பின்னர் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் எழுதிய குறிப்பை மற்றவர் கேள்வி கேட்டுச் சோதிக்கட்டும். ‘எத்தனை வீடு? யார் அனுப்பினார்? ஒருவர் மறுத்தபோது என்ன செய்தாய்?’ என்ற கேள்விகளுக்கு விடை வராத வரியை அடித்துவிடலாம். கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியிலேயே தொழிற்குறிப்பை அமைக்க இயலும். பொதுக் கணினி நிலையத்தில் அமர்ந்து எழுதுவோர், பணி முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறக்கலாகாது.

களப்பணியில் உள்ளோர் ஆண்டுக்கு இருமுறையேனும் தம் குறிப்பைப் புதுப்பித்து, மேற்பார்வையாளரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நலம். மேற்பார்வையாளரும் தம் கீழ்ப் பணியாற்றுவோர் செய்ததை உள்ளவாறு எழுதிச் சான்றளிக்கத் தயங்கலாகாது. வீட்டுக்கு வீடு ஏறி இறங்கியவரின் உழைப்பு எழுத்தில் பதியாவிடில், அடுத்த பணிக்கு அவர் மீண்டும் முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டியவராகிறார்.

சிகிச்சை ஆராய்ச்சி முழுவதும் ஒரு நம்பிக்கையின் மீது நிற்கிறது. முன்பின் அறியாத ஒருவர் வாயிற்படியில் நின்று சொல்லும் விளக்கத்தை நம்பியே ஒரு குடும்பத்தலைவி தம் கையை நீட்டி இரத்தம் எடுக்க இசைகிறார். அவ்வாறு நிற்பவர் தம்மைப் பற்றி எழுதியதும் அந்த நம்பிக்கைக்கு உரியதாக இருத்தல் வேண்டும். தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் பயிலும் பிள்ளைகளுக்கு இதனை நாம் தொடக்கத்திலேயே உணர்த்துவோமாயின், அவர்களுக்கு நல்ல உத்தியோகமும், ஆராய்ச்சிக்கு நேர்மையான பணியாளரும் ஒருங்கே கிடைப்பர்.